அன்னைக்கு முகம் வந்த படம்

காலைக் காட்சி முடிந்து, குழந்தைகள் இரைச்சலோடு படியிறங்கிப் போன பிறகு, நிவெஸ் சுப்பெரீனா ஓநாய்ப் பொம்மையைக் கையிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். ஓநாய்க்குக் கழுத்துப் பக்கம் தையல் விட்டுப்போயிருந்தது. ஊசியைத் தேடித் திரும்பியபோதுதான் திரைக்குப் பின்னால் இரண்டு பேர் தயங்கி நிற்பது தெரிந்தது. நகரப் பேருந்து ஓட்டுநரின் நீலச் சட்டை போட்ட தடித்த ஆள் ஒருவர்; பக்கத்தில் ஒல்லியாக, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டோடு ஒரு பெண். இருவருக்கும் நாற்பது தாண்டியிருக்கும். பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்த பெற்றோர் என்று நினைத்துக்கொண்டாள்.

“பிள்ளைங்க எல்லாம் வெளிய போயாச்சே. கழிப்பறையில பாத்தீங்களா?”

“பிள்ளையெல்லாம் இல்லீங்க,” என்றார் தடித்தவர். “உங்களத்தான் தேடி வந்தோம், ஷ்யோரா நிவெஸ். என் பேரு ஸ்ரெச்கோ. இவங்க டாக்டர் திஹானா, பல் டாக்டர். நாங்க...” அவர் தொண்டையைச் செருமினார். “நாங்க துறைக்காரங்க.”

நிவெஸ் ஓநாயை மறுபடியும் கையில் மாட்டிக்கொண்டாள். ஓநாய் வாயைத் திறந்தது.

“மனேஷ்ட்ரா இன்னிக்குத் தீந்துபோச்சு. வந்த வழியே போங்க. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க.”

ஸ்ரெச்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திஹானா அவரை முழங்கையால் இடித்தாள்.

துறைக்காரர்கள் என்பது ‘இருள்துறை’ படங்களின் ரசிகர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர். முதலில் வந்தவை மூன்று படங்கள். ஒரு காலத்தில், இந்தக் குரோஷியத் துறைமுக ஊரான ரியேக்காவில் அவற்றைப் பார்க்காத பையனோ பெண்ணோ கிடையாது. விண்வெளியின் ஓரத்தில் ஒரு துறைமுகம். அழிந்துபோன உலகங்களிலிருந்து தப்பி வரும் கப்பல்கள் அதன் வாசலில் வந்து நிற்கும். உள்ளே விடலாமா கூடாதா என்று ஒரு பெண்குரல் சொல்லும். குரலுக்கு முகம் கிடையாது. அதை ‘அன்னை’ என்பார்கள். “துறை நிறைந்துவிட்டது” என்று அந்தக் குரல் அமைதியாகச் சொன்னால் ஒரு கப்பல் ஒழிந்தது என்று அர்த்தம். கிரேன்களின் நிழலில் வளர்ந்த ரியேக்காப் பிள்ளைகள் அந்த ஒரு வரியைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் பயமுறுத்துவார்கள்.

வெகுகாலம் கழித்து, ‘முதல் கதவு’ என்ற பெயரில் முன்கதையைப் படமாக்கப்போவதாகச் செய்தி வந்தது. அன்னை யார், எப்படி அப்படி ஆனாள் என்பதுதான் கதை. டுவார்ட்டே என்ற போர்த்துகீசிய இயக்குநர், ஆற்றோரம் மூடிக்கிடந்த பழைய ஆலை ஒன்றைத் துறைமுகமாக மாற்ற ரியேக்காவுக்கே வந்து சேர்ந்தார். அன்னை வேஷத்துக்கு எவரும் பார்த்திராத முகம் வேண்டும் என்றார். ஒரு மாலை ஊர் நாடக அரங்கில், கையில் தட்டோடு மேடையைக் குறுக்கே கடந்துபோன வேலைக்காரி ஒருத்தியைப் பார்த்தார். வசனமே இல்லாத வேஷம் அது. அவள்தான் நிவெஸ். அப்போது அவளுக்கு நாற்பது வயது.

ஊரே அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்க விடமாட்டார்கள். “நம்ம நிவெஸ்தான் அன்னை” என்று கப்பல் துறையில், காப்பிக் கடையில், எங்கேயும் அதே பேச்சு.

படம் வந்தது. சண்டை இல்லை, துரத்தல் இல்லை. உலகமே நடுங்கிய அன்னை, துறைமுகத்து வாசலில் பெயர் பதிகிற ஒரு கால் நொண்டியான எழுத்தராக இருந்தாள். பெயர் மேரன். வருகிற கப்பலையெல்லாம் உள்ளே விடுகிறாள். தண்ணீர் குறைகிறது. காற்று குறைகிறது. கடைசியில் அவளே கதவைச் சாத்துகிறாள். ஒரு காட்சியில், நாள் கணக்காகச் சாப்பிடாதவளுக்கு யாரோ ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப் (ரியேக்காக்காரர்களுக்கு அது மனேஷ்ட்ரா) கொண்டுவந்து வைக்கிறார்கள். அதே நேரம் வானொலியில் ஒரு கப்பல் கெஞ்சிக்கொண்டிருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டே சாப்பிடுகிறாள். காட்சி முழுக்க அவ்வளவுதான்.

முதல் காட்சிக்கு மேயர் வந்திருந்தார். அந்த இடத்தில் பின்வரிசையிலிருந்து எவனோ, “உப்பு போதுமா, அக்கா?” என்று கத்தினான். அரங்கு வெடித்துச் சிரித்தது. நிவெஸ் இருட்டிலேயே எழுந்து, கோட்டைக்கூட எடுக்காமல் வெளியேறிவிட்டாள்.

அந்த வாரம் உள்ளூர் வானொலியில் படங்களைப் பற்றிப் பேசும் வெத்ரான், “நம்மளோட அன்னையைச் சந்தையில மனேஷ்ட்ரா கிண்டுறவளா ஆக்கிட்டாங்கப்பா” என்றார். அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. ஷ்யோரா மனேஷ்ட்ரா, அதாவது சூப்பு அம்மாள். காய்கறிக்காரி பீன்ஸை அளந்து போட்டுவிட்டு, “கதவைச் சாத்திரட்டுமா?” என்பாள். படம் ஆங்கிலத்தில் என்பதால், வெளிநாட்டு ரசிகர்கள் அவள் உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டார்கள்: அன்னை எப்போதிருந்து மீன்காரி மாதிரி பேச ஆரம்பித்தாள்? ஊர்க்காரர்கள் அதற்கும் மேலே. பெருமைப்பட்டு ஏமாந்தவர்களின் கோபம் அல்லவா? நாடக அரங்கில் வேஷங்கள் வருவது நின்றது. நிவெஸ் பொம்மை அரங்குக்கு வந்து சேர்ந்தாள். இங்கே முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ஓநாய், கோழி, சில சமயம் ராஜா. பழகப் பழக அவளுக்கு அது பிடித்தும் போயிற்று.

“கேலி பண்ண வரல, ஷ்யோரா,” என்றாள் திஹானா. “ஏப்ரல்ல எங்க சங்கத்துக் கூட்டம். ‘முதல் கதவு’ படத்தைப் பெரிய திரையில போடறோம். நீங்க வரணும். எல்லாரும் கேட்டாங்க.”

“எதுக்கு? மறுபடியும் உப்பு போதுமான்னு கேக்கறதுக்கா?”

“இல்லீங்க.” ஸ்ரெச்கோ தொப்பியைக் கையில் சுருட்டினார். “நானும் அன்னிக்கு அந்தத் தியேட்டர்லதான் இருந்தேன். மத்தவங்களோட சேந்து நல்லாச் சிரிச்சேன். வெளிய வந்து டிக்கெட்டைக் கிழிச்சுக் காத்துல விட்டேன். அப்பறம் ரொம்ப வருஷம் கழிச்சு என் பொண்ணு கால ஒடச்சுக்கிட்டா.”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“சொல்லட்டும், கேளுங்க,” என்றாள் திஹானா. “இத இவன் பஸ்ல ஏறறவங்ககிட்டல்லாம் சொல்றான். ஊருக்கே மனப்பாடம்.”

“டொரோத்தியாவுக்கு அப்பப் பதினாலு வயசு,” என்றார் ஸ்ரெச்கோ. “கட்டு போட்டுப் படுத்திருந்தா. சரி, நம்ம படத்தையெல்லாம் காட்டுவோம்னு பெட்டியத் தொறந்தேன். ‘கதையில எது முதல்ல நடக்குதோ அதுலேர்ந்துதான் பாப்பேன்’னு ஒரே அடம். அடியே, அது வேணாம்டி, குப்பைடின்னு சொல்றேன், கேக்கல. பாத்தா. ஒண்ணும் பேசல. அடுத்த நாள் பழைய முதல் படம் போட்டேன். அன்னையோட குரல் வருதில்ல, ‘துறை நிறைந்துவிட்டது’ன்னு? நாங்கெல்லாம் அந்த எடத்துல கைதட்டுவோம். இவ தேம்பித் தேம்பி அழறா, ஷ்யோரா. ‘ஐயோ அப்பா, இது மேரன்பா, மேரன்பா’ன்னு. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. அந்தப் படத்த நான் எத்தன தடவ பாத்திருப்பேன்! அந்தக் குரலுக்குள்ள ஒரு மனுஷி இருக்கான்னு அன்னிக்குத்தான்...”

அவர் முடிக்கவில்லை. திஹானா எடுத்துக்கொண்டாள். அப்புறம் சங்கத்தில் ஒவ்வொருவராகத் திரும்பப் பார்த்தார்களாம். முன்கதையை முதலில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் டொரோத்தியா மாதிரியேதானாம். ஸாக்ரெப்பில், லுப்லியானாவில், போலந்தில்கூட இப்போது அதே வாதம்தானாம்.

“நீங்களே பாத்தீங்கன்னா தெரியுமே,” என்றாள். “கதவு மூடற காட்சில உங்க முகம் இருக்கே...”

“நான் பாத்ததில்ல.”

“எதை?”

“படத்தை. அன்னிக்கு எழுந்து வந்தவதான். பாக்கவும் வேண்டாம்.” நிவெஸ் ஊசியைக் கண்டுபிடித்துவிட்டாள். “ஓநாய்க்குக் கழுத்து தொங்குது. மத்தியானம் இன்னொரு காட்சி இருக்கு. போயிட்டு வாங்க.”

போய்விட்டார்கள். அவள் தைக்க உட்கார்ந்தாள். மேரன் என்ற பெயரை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தாள். எல்லாரும் மனேஷ்ட்ரா என்றுதானே சொன்னார்கள்.

அடுத்த வாரம், ‘பூரா’ என்கிற கடுங்குளிர்க் காற்று மலையிலிருந்து இறங்கி ஊரைப் பிடுங்கி எடுத்தது. நிவெஸ் குடையை நம்பாமல் பேருந்துக்கு ஓடினாள். ஏறிய பிறகுதான் பார்த்தாள், ஓட்டுநர் ஸ்ரெச்கோ. அவர் தலையை மட்டும் ஆட்டினார். கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளும் முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு பெரியவர் ஏறினார். கையில் மீன் பை, வாயில் நேற்றைய மதுவின் வாசனை. நிவெஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அட, ஷ்யோரா மனேஷ்ட்ரா! எப்பிடி இருக்கீங்க? உப்பு போதுமா?”

நிவெஸ் புன்னகைத்தாள். இருபது வருஷத்துக்கு மேல் அதைத்தான் செய்துவந்தாள். கோபித்துக்கொண்டால் இன்னும் நீளும்.

பேருந்து நின்றது. நிறுத்தம் எதுவும் இல்லை. ஸ்ரெச்கோ கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“பெரியவரே, அவங்க பேரு என்ன?”

“யாரு பேரு? அதான் மனேஷ்...”

“அவங்க பேரு நிவெஸ் சுப்பெரீனா. அந்தப் படத்தப் பாத்திருக்கீங்களா?”

“நான் எதுக்குய்யா அதெல்லாம் பாக்கறேன்? எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்றேன்.”

“பாக்கவேயில்ல! பாக்காமயே இத்தன வருஷம் கேலி பண்றீரு!” ஸ்ரெச்கோ பேருந்து முழுவதையும் பார்த்துத் திரும்பினார். “வேற யாரு பாத்திருக்கா? கை தூக்குங்க.”

ஒருவரும் தூக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண், “அண்ணே, எனக்கு எட்டு மணிக்கு வேலைக்குப் போகணும். இவரத் திட்டணும்னா ஓட்டிக்கிட்டே திட்டுங்க,” என்றாள். பேருந்து சிரித்தது. ஸ்ரெச்கோ வண்டியை எடுத்தார், ஓட்டிக்கொண்டே திட்டினார். துறைமுகம் வரைக்கும் படத்தின் கதையையே சொல்லி முடித்துவிட்டார். காற்று குறைவதை, கப்பல்கள் வாசலில் நிற்பதை, அவள் நொண்டியபடி ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பார்ப்பதை. பெரியவர் தன் நிறுத்தத்தை விட்டுவிட்டார். “அப்பறம்? சாத்திட்டாளா?” என்று கேட்டார்.

இறங்கும்போது நிவெஸ், ஸ்ரெச்கோவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“உங்க படம் என்னிக்கு?”

“ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஷ்யோரா. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“பஸ்ஸை எடுத்துட்டு வந்துராதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் வாசலில் கூட்டம் நடைபாதைவரை நின்றது. யாரோ ஒரு அம்மாள் எண்ணெய்ச் சட்டி வைத்து ஃப்ரிட்டுலே என்ற மாவு உருண்டைகளைப் பொரித்துச் சர்க்கரை தூவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விண்வெளி மாலுமி வேஷங்கள், தகர முகமூடிகள். நிவெஸ் ஸ்ரெச்கோவின் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தாள். அப்போது ஒரு இளம்பெண் எதிரே வந்தாள். சாம்பல் நிறச் சால்வை, இடுப்பில் ஒரு கரண்டி, வலது காலை இழுத்து நடக்கிற நடை.

கேலி வேஷம் என்றுதான் நிவெஸுக்குப் பட்டது. வந்திருக்கக் கூடாது என்று தோன்றியது. கோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பப் போனாள்.

அந்தப் பெண்ணோ அவளைப் பார்த்ததும் நொண்டுவதை நிறுத்திவிட்டாள். முகம் வெளிறிவிட்டது.

“அப்பா,” என்றாள் தாழ்ந்த குரலில். “அவங்களா?”

“அவங்கதான். வாயை மூடு, ஈ பூந்துரும். ஷ்யோரா, இவதான் டொரோத்தியா. கால ஒடச்சவ.”

நிவெஸ் சால்வையைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு நூலால் ஒட்டுப்போட்டிருந்தது. படப்பிடிப்பில் அவளுடைய சால்வை கம்பியில் மாட்டிக் கிழிந்து, அவளே அவசரத்துக்குச் சிவப்பு நூலால் தைத்தாள். ஆடைக்காரப் பெண் திட்டினாள். டுவார்ட்டே, அப்படியே இருக்கட்டும் என்றார். கேலி செய்ய வருகிறவர்கள் கரண்டியோடு நிறுத்திக்கொள்வார்கள். இப்படி ஒட்டுத்தையல் போட்டுக்கொண்டு வரமாட்டார்கள்.

“நீயே தச்சியா?”

“ஆமாங்க. சரியா வரல.”

“நானும் அப்பிடித்தான் தச்சேன். கோணல்தான்.” நிவெஸ் ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஆனா கால் வலது இல்ல, இடது,” என்றாள்.

“ஐயையோ!” என்றாள் டொரோத்தியா.

விளக்குகள் அணைந்தன. நிவெஸ் கதவோரம் உள்ள இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தாள். தேவைப்பட்டால் எழுந்துபோக வசதி.

முதலில் தன் உடம்பைத்தான் பார்த்தாள். எவ்வளவு இளமை, எவ்வளவு விறைப்பு. கையை எங்கே வைப்பதென்று தெரியாத பெண். அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்தவள், எப்போது வெட்கப்படுவதை விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திரையில் இருந்தது அவளில்லை, மேரன். வாசலில் ஒரு மேஜை. கப்பல் கப்பலாக வருகிற கிழவர்கள், குழந்தைகள், ஆடுகள். ஒவ்வொருவர் பெயரையும் அவள் கேட்கிறாள், சரியாக உச்சரிக்கப் பார்க்கிறாள், தப்பாகச் சொன்னால் திருத்திச் சொல்கிறாள். கேமரா அவசரமே படவில்லை. அவள் பெயர் கேட்பதை அது அலுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு கூட்டம் கூடக்கூட அவள் பெயரின் பாதியை மட்டும் கேட்கிறாள். பிறகு எண். டுவார்ட்டே இதை எங்கேயும் அடிக்கோடு போட்டுக் காட்டவில்லை. சும்மா நடக்க விட்டிருந்தார். படப்பிடிப்பில் அவளுக்கு அது தெரியவே இல்லை. கொடுத்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

வெளிச்சமும் அப்படித்தான் இருந்தது. ஆலையின் உடைந்த கூரைக் கண்ணாடி வழியே வந்த ரியேக்காவின் சாதாரண மழைநாள் வெளிச்சம். அதில் அந்தத் துறைமுகம் யாரோ கட்டிய செட்டு மாதிரி இல்லாமல், மனிதர்கள் துவைத்து உலர்த்துகிற, சண்டை போடுகிற, பிள்ளை பெறுகிற இடமாக இருந்தது. மற்ற மூன்று படங்களிலும் வீரன் சுட்டுக்கொண்டே ஓடிப்போன அதே கூடங்கள்தான். யார் அவற்றில் வாழ்ந்தார்கள் என்று இந்தப் படம்தான் கேட்டிருந்தது.

சூப் காட்சி வந்தது. நிவெஸ் இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வானொலியில் கெஞ்சும் குரல். கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் போய்வருகிறது. அவள் அவசரமாகச் சாப்பிடுகிறாள், வாய் சுட்டுக்கொள்கிறாள், ஊதுகிறாள், காதைச் சாய்த்துக் கேட்கிறாள், மறுபடியும் ஒரு கரண்டி.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு வரிசை முன்னால் ஒரு ஆள் மூக்கை உறிஞ்சினான். கிண்ணம் காலியான பிறகு மேரன் அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம்தான் ஒலிவாங்கியை எடுத்தாள். பசித்தவள் முதலில் சாப்பிடுவாள். அதைத்தான் அந்தக் காட்சி சொல்லியிருக்கிறது. சிரித்த ஊருக்கு அப்போது பசியில்லை போலும் என்று நிவெஸ் நினைத்தாள். கப்பல் கட்டும் தளம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. இந்த அரங்கில் இருப்பவர்களில் பாதிப் பேரின் வீட்டில் அதற்குப் பிறகு யாரோ ஒருவர், அயர்லாந்துக்கோ ஜெர்மனிக்கோ போய் எவரோ ஒருவருடைய மேஜை முன்னால் நின்று பெயர் சொல்லியிருப்பார்கள்.

கதவு மூடும் காட்சியில் அவள் தன் முகத்தைப் பார்த்தாள், முழுத் திரையளவு. அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கடைசிக் கால்மணி நேரம் மட்டும் ஏதோ வேறு படம் மாதிரி வெடிகளும் கப்பல்களும் பறந்தன. பிறகு விளக்கு எரிந்தது.

எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். நிவெஸுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. திஹானா கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

முதலில் எழுந்தது வெத்ரான். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் அதே வானொலிக் குரல். அரங்கில் முணுமுணுப்பு.

“உங்களுக்குப் பட்டப்பேரு வச்சவன் நான்தான், எல்லாருக்கும் தெரியும்,” என்றார். “படம் எனக்கு இன்னிக்கும் நீளம்தான். நடுவுல ரெண்டு தடவ கடிகாரத்தப் பாத்தேன். இந்தப் பிள்ளைங்க சொல்ற மாதிரி இது தலைசிறந்த படைப்பெல்லாம் இல்ல. முடிவு படு மோசம்.”

“உக்காருய்யா!” என்று ஒரு குரல்.

“மேடையேறிக் கதவச் சாத்துங்க அவருக்கு!” என்று இன்னொன்று.

“இருங்க, இருங்க,” என்றாள் நிவெஸ். “முடிவு மோசம்னு அவரு சொன்னது சரி. எனக்கும் அது பிடிக்கல. ஆடு வர்ற எடமும் நீளம். ஆட்டுக்கு என்ன அத்தன நேரம்?”

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. வெத்ரான் உட்காரவில்லை.

“ஆனா சூப் காட்சி,” என்றார். சற்று நேரம் சொல் தேடினார். வாழ்நாள் முழுக்கப் பேசிச் சம்பாதித்தவர். “சூப் காட்சி நல்லாருந்துச்சு, ஷ்யோரா. ரொம்ப நல்லாருந்துச்சு.” உட்கார்ந்துவிட்டார்.

திஹானாவுக்கு ஒரு கேள்வி. படத்தின் தொடக்கத்தில் மேரனின் பேச்சு கொச்சையாக இருக்கிறது. போகப்போக ஒவ்வொரு காட்சியாக அது திருந்தி, கடைசியில் பழைய படங்களின் அன்னையினுடைய குரலை நெருங்கிவிடுகிறது. ஊரைத் தொலைக்கிற மாதிரி அவள் தன் பேச்சைத் தொலைக்கிறாள். “இத எப்பிடி நீங்க திட்டம் போட்டுச் செஞ்சீங்க?” என்று கேட்டாள்.

“திட்டமா! எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்க ஒரு டீச்சர போட்டிருந்தாங்கம்மா. கோடை முழுக்க என் உயிர எடுத்தா. கொஞ்சங்கொஞ்சமா வந்துச்சு. படத்த கதை போற வரிசையிலயே எடுத்தாங்க, அதான் அப்பிடித் தெரியுது.”

திஹானாவின் முகம் சுருங்கிப்போயிற்று. சங்கத்து இதழில் இதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாளாம். ஸ்ரெச்கோ தொடையைத் தட்டிச் சிரித்தார். “டாக்டரம்மா, சொத்தையில்லாத பல்லப் புடுங்கிட்டியே!”

“ஆனா வரிசையா எடுக்கச் சொன்னது யாரு?” என்று டொரோத்தியா எழுந்தாள். “யாரும் அப்பிடி எடுக்க மாட்டாங்களே, செலவு எக்கச்சக்கமாகுமே. அவரு வேணும்னுதானே செஞ்சிருப்பாரு?”

நிவெஸுக்கு அது தோன்றியதே இல்லை.

“இன்னொண்ணு கேக்கணும்,” என்றாள் அந்தப் பெண். “கதவ மூடிட்டு, கைய எடுக்காம நிக்கிறீங்களே. அவ்வளவு நேரம். அப்ப என்ன நெனச்சீங்க?”

எல்லாரும் எதையோ பெரிதாக எதிர்பார்க்கிறார்கள் என்று நிவெஸுக்குத் தெரிந்தது. ஏதாவது அழகாகச் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

“ஒண்ணும் நெனைக்கலம்மா. அவரு என்கிட்ட சொன்னது இதுதான்: கதவச் சாத்து, நான் நிறுத்துன்னு சொல்றவரைக்கும் கையை எடுக்காத. சாத்துனேன். அவரு நிறுத்துன்னு சொல்லவேயில்ல. கதவு இரும்பு, பனிக்கட்டி மாதிரி சில்லுனு இருந்துச்சு. மனுஷன் மறந்துட்டாரா, என்னை முட்டாளாக்கறாரான்னு ஒரே ஆத்திரம். திரும்பிப் பாக்கவும் கூடாது. யாராவது ‘போதும்’னு சொல்ல மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு நின்னேன். அந்த முகந்தான் அது. இருபது வருஷமா அவர மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன்.” அவள் வெற்றுத் திரையைத் திரும்பிப் பார்த்தாள். “இன்னிக்குத்தான் பாக்கறேன். அவளுக்கும் அதானே வேணும்? யாராவது போதும்னு சொல்லணும். யாரும் சொல்லல.”

யாரும் கைதட்டவில்லை. டொரோத்தியா, தான் நிற்பது மறந்து, சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பொம்மை அரங்குக்கு விடுமுறை. திஹானா எங்கெங்கோ விசாரித்து டுவார்ட்டேயின் தொலைபேசி எண்ணை அனுப்பியிருந்தாள். அந்தப் படத்துக்குப் பிறகு யாரும் அவரிடம் படம் கொடுக்கவில்லை. போர்ட்டோ பக்கம் ஏதோ கடற்கரை ஊரில் இருக்கிறாராம். நிவெஸ் காப்பி போட்டாள், ஆறவிட்டாள், மறுபடியும் சுடவைத்தாள். பிறகு எண்ணை அழுத்தினாள். அன்று கற்ற ஆங்கிலம் அவளுக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது; அவர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை இத்தாலியன் மட்டும்தான்.

“யாரு?” என்று ஒரு கிழட்டுக் குரல் கத்தியது. காது மந்தம் போலிருக்கிறது.

“நிவெஸ். ரியேக்காலேர்ந்து. மேரன்!”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம்.

“உனக்கு என் மேல கோபம்னு நெனச்சேன்,” என்றார்.

“கோபந்தான். நேத்துவரைக்கும். நேத்துத்தான் படத்தப் பாத்தேன்.”

“நேத்தா? அட கடவுளே. என்னம்மா நீ! எப்பிடி இருந்துச்சு?”

அவள் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. அவ்வளவு நல்ல படத்தை எடுத்துவிட்டு இந்த மனிதர் இத்தனை வருஷம் கடற்கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாரே என்று தோன்றியது. “நல்லாருந்துச்சு,” என்றாள். “ரொம்ப ரொம்ப நல்லாருந்துச்சு, டுவார்ட்டே. அரங்கு நெறஞ்சு நின்னாங்க. உன்னைக் கேட்டாங்க. சின்னப் பிள்ளைங்க.”

“சின்னப் பிள்ளைங்களா?”

“என்னை மாதிரி நொண்டிக்கிட்டு வர்றாங்கப்பா!”

அவர் சிரித்தார், இருமினார், மறுபடியும் சிரித்தார். பிறகு அவள் சும்மா இருக்கமாட்டாமல், “ஆனா அந்த முடிவு என்னது? யாரு கப்பலு, எதுக்கு வெடி?” என்று கேட்டுவிட்டாள்.

“அது நான் எடுத்ததே இல்ல!” கிழவருக்குக் குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. “கதவுல கை இருக்கும்போதே முடிச்சிருந்தேன். தயாரிப்பாளருங்க ஒட்டவச்சது அது. என்னைக் கேக்காம!”

“கேக்காமயா? திருட்டுப் பசங்க!”

“ஆமா, திருட்டுப் பசங்க!”

காப்பி மறுபடியும் ஆறிப்போயிற்று. அவர் போர்த்துகீசியத்திலும் அவள் குரோஷியத்திலுமாக, அந்தத் தயாரிப்பாளர்களை அவரவர் தாய்மொழியில் மனதாரத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.